களம் சுட்டும் உரிமை: ‘லைஃப் இன் எ மெட்ரோ’ திரைப்படத்தில் நகரமும் காதலும்

முன்னுரை

அகப்பொருள் இலக்கணத்தைக் கற்கத் தொடங்கும் மாணவர் முதலில் அறிவது, நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்பதனை. தலைவனும் தலைவியும் அதன் பின்னரே வருகின்றனர். காதல் நிகழ ஓர் இடம் வேண்டும். அவ்விடம் காதலின் தன்மையையும் ஓரளவு முடிவு செய்துவிடும் என்பது நம் முன்னோர் கொண்ட கருத்து. மலையையும் காட்டையும் வயலையும் விட்டுவந்த மக்கள் நெருங்கி வாழும் இன்றைய பெருநகரத்தில் இக்கருத்து என்னவாகிறது? இவ்வினாவை மனத்திற்கொண்டு, அனுராக் பாசு இயக்கி 2007ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த ‘லைஃப் இன் எ மெட்ரோ’ என்னும் இந்தித் திரைப்படத்தை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

தமிழ் இலக்கணக் கோட்பாட்டைக் கொண்டு இந்தித் திரைப்படம் ஒன்றனை அளப்பது பொருந்துமா என்று சிலர் வினவலாம். இயக்குநர் தொல்காப்பியத்தை அறிந்து இப்படத்தை எடுத்தார் என்பது நம் வாதமன்று. எனினும், காதலர் சந்திக்கும் இடத்தை யார் தேர்வது என்னும் வினாவை நுணுகி ஆராய்ந்து அதற்குக் கலைச்சொற்களையும் வகுத்துத் தந்த மரபு நம்முடையது. இப்படமும் அதே வினாவை மும்பையில் எழுப்புகிறது. ஆகவே, கையிலிருக்கும் விளக்கை அயல்வீட்டு முற்றத்திற்கும் எடுத்துச் செல்வதில் தவறில்லை என்று கருதுகிறோம்.

படத்தின் அமைப்பு

பல கதைகளை ஒன்றோடொன்று பின்னிக் காதலின் பல முகங்களைக் காட்டும் படங்கள் அக்காலத்தில் பெருவழக்காயின. 2003இல் வந்த ‘லவ் ஆக்சுவலி’ என்னும் ஆங்கிலப் படம் இலண்டன் மாந்தரை அவ்வாறு தொகுத்தது. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த ‘சலாம்-இ-இஷ்க்’ என்னும் இந்திப் படம் ஆறு இணைகளின் கதைகளைச் சொன்னது. நாம் எடுத்துக்கொண்ட படமும் இவ்வகையினதே. ஆயினும் இதன் மாந்தர் அனைவரும் ஒரே நகரத்தில், ஒருவர் வீட்டுக் கதவு மற்றவர் வாழ்க்கைக்குள் திறக்கும்படி அமைக்கப்பட்டுள்ளனர்.

ரஞ்சித் (கே கே மேனன்) அழைப்பு மையம் ஒன்றின் மேலதிகாரி. அவன் மனைவி சிகா (ஷில்பா ஷெட்டி) இல்லத்தையும் மகளையும் கவனித்து வருபவள். ரஞ்சித்துக்குத் தன்கீழ்ப் பணிபுரியும் நேகாவோடு (கங்கனா ரனாவத்) உறவு உண்டு. நேகாவை மனத்துக்குள் விரும்பும் ராகுல் (ஷர்மன் ஜோஷி) அதே அலுவலகத்தின் இளம் ஊழியன். தன் அடுக்குமாடி வீட்டின் சாவியை மேலதிகாரிகளுக்குக் கொடுத்துப் பதவி உயர்வை எதிர்நோக்கி இருப்பவன். சிகாவுக்கு மேடை நடிகனான ஆகாஷோடு (ஷைனி அகுஜா) நட்பு ஏற்படுகிறது. அவள் தங்கை சுருதி (கொங்கனா சென் சர்மா) திருமண இணையத்தளத்தின் வழியாக மாண்டியை (இர்ஃபான் கான்) சந்திக்கிறாள். சிகாவின் நடன ஆசிரியை சிவானி (நஃபீசா அலி), நாற்பது ஆண்டுகளுக்குமுன் தன்னை விட்டு அமெரிக்கா சென்ற அமோலை (தர்மேந்திரா) முதுமையில் மீண்டும் காண்கிறாள்.

தலைப்பில் வரும் ‘மெட்ரோ’ என்னும் சொல் இருப்புப்பாதையைக் குறிப்பதன்று. இந்திய வழக்கில் அது பெருநகரத்தைக் குறிக்கும். மும்பையின் முதல் மெட்ரோ இரயில் தடமே 2014ஆம் ஆண்டு சூன் மாதத்தில்தான் இயங்கத் தொடங்கியது. படத்தில் வருவன நெரிசல் மிகுந்த பழைய புறநகர் இரயில்களும் பேருந்து நிறுத்தங்களும் மழையில் நனைந்த தெருக்களுமே. எங்கும் மக்கள்; தனித்திருக்க ஓரிடமும் இல்லை. இப்பற்றாக்குறையிலிருந்தே கதை முளைக்கிறது.

ஓர் அறையின் வரலாறு

ராகுலின் சாவிக்கு ஒரு முன்வரலாறு உண்டு. டேவிட் லீன் இயக்கிய ‘பிரீஃப் என்கவுண்டர்’ (1945) என்னும் ஆங்கிலப் படத்தில் மணமான ஒரு பெண்ணும் மருத்துவர் ஒருவரும் இரயில் நிலையத்தில் சந்தித்து நேசம் கொள்கின்றனர். மருத்துவர் தம் நண்பரின் வீட்டுக்கு அவளை அழைத்துச் செல்கிறார். நண்பர் எதிர்பாராது திரும்பிவிட, அவள் பின்வழியாக வெளியேற நேர்கிறது. இறுதியில் அவள் கணவனிடமே திரும்புகிறாள். அப்படத்தில் ஓரிரு நிமிடங்களே தோன்றும் அந்த நண்பரைப் பற்றிப் பில்லி வைல்டர் சிந்தித்தார்: பிறருடைய காதலுக்குத் தன் வீட்டைத் தந்துவிட்டு, பின்னர் அதே படுக்கையில் தனியே உறங்கும் மனிதன் எத்தகையவன்? அச்சிந்தனையிலிருந்தே 1960இல் ‘தி அபார்ட்மெண்ட்’ பிறந்தது. சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற அப்படத்தில், நியூயார்க் காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்தர் ஒருவர் தம் வீட்டுச் சாவியைக் கொடுத்துப் பதவியில் உயர்கிறார். தாம் விரும்பும் பெண்ணே மேலதிகாரியோடு அங்கு வருவதை அறிந்து நிலைகுலைகிறார்.

‘லைஃப் இன் எ மெட்ரோ’ இவ்விரு படங்களையும் ஒருங்கே தழுவியது. ராகுல், நேகா, ரஞ்சித் மூவரின் கதை பின்னதைச் சார்ந்தது. சிகா, ஆகாஷ் இருவரின் கதையில் முன்னதன் சாயல் தெளிவாகத் தெரிகிறது. தழுவலைக் குற்றமாகச் சொல்லி இப்படத்தை ஒதுக்கியோரும் உண்டு. நாம் அதனை வேறு வகையில் காண்கிறோம். 1960இல் பிரிந்துபோன இரு கதைகளை, அதாவது அறையைக் கடன்பெறும் ஆணின் கதையையும் வீட்டில் தனித்திருக்கும் பெண்ணின் கதையையும், அனுராக் பாசு ஒரே குடும்பத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துள்ளார். கடன்பெற்ற அறையில் கணவன். காலியான இல்லத்தில் மனைவி. மூலப்படத்தில் மேலதிகாரியின் மனைவி கதையின் ஓரத்தில் நிற்பவள். இங்கோ அவள் நடுவிடத்துக்கு வருகிறாள். இதுவே இத்தழுவலின் தனிச்சிறப்பு எனலாம்.

குறியிடமும் சாவியும்

களவொழுக்கத்தில் தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடம் குறியிடம் எனப்படும். பகலில் சந்திப்பது பகற்குறி. இரவில் சந்திப்பது இரவுக்குறி. இவ்விடத்தைச் சுட்டிக் கூறும் உரிமை யாருக்கு உரியது? தலைவிக்கே என்பது தொல்காப்பியக் களவியல் தரும் விடை. காரணமும் எளியது: எங்கே தன்னால் அச்சமின்றி வந்துபோக இயலும் என்பதை அறிந்தவள் அவளே. காவலும் தாயும் அலரும் சூழ்ந்த வாழ்வில் இடர் அனைத்தும் அவளையே சார்ந்தமையின், இடத்தைத் தேரும் உரிமையும் அவளுக்கு வழங்கப்பட்டது. தோழி அவள் குறிப்பறிந்து அதனைத் தலைவனுக்கு உணர்த்துவாள். இதனைக் களம் சுட்டும் உரிமை என இக்கட்டுரையில் வழங்குகிறோம்.

மும்பையில் இவ்வுரிமை கைமாறிவிட்டது. நேகா இடத்தைச் சுட்டுவதில்லை. அவளுக்கு இடம் அறிவிக்கப்படுகிறது. அதனைத் தேர்பவன் ரஞ்சித், தருபவன் ராகுல். இருவருக்கும் இடையில் பண்டமாற்றாக இயங்குவது சாவி. தோழியின் இடத்தில் இப்போது ஒரு கீழ்நிலை ஊழியன் நிற்கிறான். அவன் தலைவியின் குறிப்பறிந்து செயல்படவில்லை. மேலதிகாரியின் குறிப்பறிந்தே செயல்படுகிறான். தோழி பெற்ற கூலி தலைவியின் நல்வாழ்வு. இவன் பெறுவது பதவி உயர்வு. நேகா மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயல்கையில், அவளைக் காப்பவனும் அவனே. தான் தந்த இடமே அவளை அந்நிலைக்குத் தள்ளியது என்பதை அவன் உணருமிடம் படத்தின் வலிமையான பகுதிகளுள் ஒன்று. சாவி கொடுக்கும் ஏற்பாட்டிலிருந்து விலகிய பின்னரே அவனால் நேகாவைக் காதலனாக அணுக முடிகிறது.

இதற்கு மாறாகச் சிகாவும் ஆகாஷும் சந்திப்பன பெரும்பாலும் பொதுவிடங்கள். கூரையும் கதவும் இல்லாத அவ்விடங்களில் சிகா அச்சமின்றிப் பேசுகிறாள், சிரிக்கிறாள். அவை அவள் விரும்பி வந்த இடங்கள். ஆகாஷின் அறைக்குள் உறவு நுழையும்போது அவள் தயங்கி வெளியேறுகிறாள். இதனைக் கற்பின் வெற்றி என்று கூறுவோர் உண்டு. அவளது குற்றவுணர்வைப் படம் மறைக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் அவள் விலகுவது ஒரு மனிதனிடமிருந்து மட்டுமன்று. தான் சுட்டாத ஒரு களத்திலிருந்தும் அவள் விலகுகிறாள் என்பது நம் கருத்து.

சட்டம் சொன்ன கதை

இப்படம் வெளிவந்த காலத்துச் சட்டநிலையை மனத்திற்கொண்டால் இவ்வேறுபாடு மேலும் விளங்கும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு அப்போது நடைமுறையில் இருந்தது. பிறன் மனைவியோடு, அக்கணவனின் இசைவின்றி உறவு கொள்ளும் ஆணுக்கு ஐந்தாண்டுவரை சிறைத்தண்டனை விதிக்க அது இடமளித்தது. மணமான ஆண் மணமாகாத பெண்ணோடு உறவு கொள்வதை அது குற்றமாகக் கருதவில்லை. அச்சட்டத்தின்படி ஆண்டுக்கணக்கில் மனைவியை ஏமாற்றிய ரஞ்சித் எக்குற்றமும் செய்யாதவன். ஒருவேளை சிகா ஆகாஷின் அறையில் தங்கியிருந்தால், குற்றவாளி ஆகாஷ். முறையிடும் உரிமை பெற்றவன் ரஞ்சித்! மனைவியைக் கணவனின் உடைமையாகக் கண்ட அப்பிரிவை இந்திய உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் செல்லாதென அறிவித்தது.

படத்தில் நீதிமன்றமோ வழக்கறிஞரோ இல்லை. எனினும், தன் உறவை ஒப்புக்கொள்ளும் கணவன் மனைவியின் நட்பைக் கேட்டுச் சினங்கொள்ளும் காட்சியில் அச்சட்டத்தின் மனமே பேசுகிறது எனலாம். தன் தவற்றை மன்னிக்கத்தக்க பிழையாகவும் அவள் நெருக்கத்தைத் தன் உடைமையின்மேல் நிகழ்ந்த அத்துமீறலாகவும் அவன் காண்கிறான். கே கே மேனனின் நடிப்பு இவ்விடத்தில் மிகையின்றி அமைந்துள்ளது. அவன் கொடியவனாகத் தோன்றவில்லை. நாம் நாள்தோறும் காணும் மனிதனாகவே தோன்றுகிறான். அதனாலேயே அக்காட்சி நம்மை உறுத்துகிறது.

மடலேறிய மாண்டி

சுருதி, மாண்டி இருவரின் கதை நகைச்சுவை சார்ந்தது, ஆனால் மேலோட்டமானதன்று. முதற்சந்திப்பில் அவன் கண்கள் போன இடத்தைக் கண்டு சுருதி அவனை வெறுத்து ஒதுக்குகிறாள். இருவரும் நண்பர்களாவது பின்னரே. உயர்ந்த கட்டடமொன்றன் மொட்டைமாடியில் நின்று, மனத்திலுள்ள அழுத்தமெல்லாம் தீர உரக்கக் கத்தும்படி அவன் அவளுக்குக் கற்றுத் தருகிறான். நெரிசல் மிகுந்த நகரில் தளமாக இல்லாமல் உயரமாகக் கிடைத்த ஒரு களம் அது. அதற்கு வாடகையில்லை, சாவியும் இல்லை. படம் முழுவதிலும் இருவர் சமநிலையில் நிற்கும் இடம் இதுவே எனத் தோன்றுகிறது.

பின்னர், வேறொரு பெண்ணை மணக்கவிருந்த மாண்டி, மாப்பிள்ளைக் கோலத்தோடு குதிரையேறிச் சுருதியைத் தேடி நகரத்தின் ஊடே விரைகிறான். தமிழ் மாணவருக்கு இக்காட்சி மடலேறுதலை நினைவூட்டாமல் இராது. பனங்கருக்கால் செய்த குதிரையில் அமர்ந்து, ஊரார் நகைக்கத் தெருவழியே வரும் தலைவன் தன் நாணத்தைத் துறந்து காதலை அறிவிக்கிறான். மடலேறுவேன் என்று கூறுதல் ஐந்திணைக்கும், ஏறுதல் பெருந்திணைக்கும் உரியன என்பது மரபு. மாண்டியோ உண்மையாகவே ஏறிவிடுகிறான். நகைப்புக்கு இடமாவதை அவன் அஞ்சவில்லை. 2020இல் மறைந்த இர்ஃபான் கான், கேலிக்கும் கண்ணீருக்கும் இடைப்பட்ட மெல்லிய கோட்டில் நடந்து இப்பாத்திரத்தை நிலைக்கச் செய்துள்ளார்.

இங்கே ஒரு குறையையும் சுட்ட வேண்டும். மாண்டி விட்டுச் சென்ற மணப்பெண்ணின் நிலை என்ன? படம் அவளை நோக்கித் திரும்பவே இல்லை. இதேபோல், சுருதி முதலில் விரும்பும் வானொலி நிலையத்தவர் தன்பாலீர்ப்புடையவர் என்பது தெரியவரும்போது, படம் அவளுக்கு நேர்ந்த ஏமாற்றத்தை மட்டுமே காட்டுகிறது. அவர் ஏன் மறைத்து வாழ நேர்ந்தது என்று கேட்கவில்லை. 2018இல் திருத்தப் பொருள்கொள்ளப்பட்ட 377ஆம் பிரிவு, இப்படம் வெளிவந்தபோது அவ்வுறவைக் குற்றமாக்கியிருந்தமையின், அந்நகரில் அவருக்குச் சட்டப்படி ஒரு குறியிடமும் அப்போது இல்லை. இடமற்றோரின் கதையைச் சொல்ல வந்த படம், மிகவும் இடமற்றவரை ஒரு திருப்பத்துக்குப் பயன்படுத்திவிட்டுக் கடந்து செல்கிறது.

இளமை தீர்ந்த காதல்

சிவானியும் அமோலும் கொண்ட உறவைத் தொல்காப்பியம் எங்கே வைக்கும்? இளமை தீர்திறம் பெருந்திணையின்பாற்படும். இருவரும் இளமை நீங்கிய நிலையையும் இளம்பூரணர் உரை இதனுள் அடக்குகிறது. பொருந்தாக் காமம் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றனை இப்படம் மிகப் பொருந்திய காதலாகக் காட்டுகிறது. இது மரபிலிருந்து இப்படம் தெளிவாக வேறுபடும் இடம். இவ்வேறுபாட்டை நாம் வரவேற்கிறோம். முதியோர் இல்லத்தில் வாழும் சிவானி அதனை விட்டு அமோலோடு வாழப் புறப்படும்போது, அம்முடிவைப் பிறரிடம் ஒப்புதல் கேட்டு எடுக்கவில்லை. படத்தில் வரும் பெண்களுள் களம் சுட்டும் உரிமையை முழுமையாகப் பயன்படுத்துபவள் அவளே. ஆனால் அவ்வுரிமை அவளுக்கு நாற்பதாண்டு தாமதமாகவே கிட்டுகிறது. சில நாள்களிலேயே இறப்பும் நேர்கிறது. 2025ஆம் ஆண்டு நவம்பரில் காலமான தர்மேந்திரா, தன் பழைய நாயக மிடுக்கையெல்லாம் களைந்துவிட்டு, பிழை செய்த முதியவராக இதில் அமைதியாக நிற்பது குறிப்பிடத்தக்கது.

கண்டோர் கூற்று

அகப்பாடல்களில், குறிப்பாகப் பாலைத்திணையில், உடன்போகும் காதலரை வழியில் கண்டவர்கள் தம்முள் இரங்கிப் பேசுவது கண்டோர் கூற்று. கதைமாந்தரோடு அவர்களுக்கு உறவில்லை. ஆயினும் அவர்கள் சொல்லே நிகழ்ச்சிக்கு ஓர் ஆழத்தைத் தரும். இப்படத்தில் இசையமைப்பாளர் பிரீத்தம் உள்ளிட்ட மூவர் இசைக்குழு தெருவோரத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் நின்று பாடுகிறது. மாந்தர் அவர்களைக் கடந்து நடக்கின்றனர், திரும்பிப் பார்ப்பதில்லை.

இவ்வுத்தியைப் புதுமைக்காகச் செய்த ஒன்றெனச் சிலர் கருதினர். நாம் இதில் நகரத்தைப் பற்றிய ஓர் உண்மையைக் காண்கிறோம். சிற்றூரில் கண்டவர் வாயிலிருந்து அலர் பிறக்கும். அலர் தலைவியைத் துன்புறுத்தும். அதுவே வரைவை விரைவுபடுத்தித் தலைவனை அவன் பொறுப்பின்பால் இழுக்கவும் செய்யும். மும்பையில் அலர் இல்லை. ராகுலின் வீட்டுக்கு யார் வருகிறார், யார் போகிறார் என்பதை ஊர் பொருட்படுத்துவதில்லை. அதனால் துன்பம் குறைந்ததா? துன்பத்தோடு பொறுப்பும் குறைந்துவிட்டது. நேகாவைக் கைவிடும் ரஞ்சித்தைக் கேட்பதற்கு ஓர் ஊர் இல்லை. கண்டோர் பாடுகின்றனர், ஆனால் கேட்போர் இல்லை.

வாயில் மறுக்காத இல்லம்

இறுதிப் பகுதியில் கதைகள் இரயில் நிலையத்தை நோக்கிக் குவிகின்றன. எவருக்கும் உடைமையல்லாத, எல்லாருக்கும் திறந்த இடம் அது. ராகுலும் நேகாவும், சுருதியும் மாண்டியும் இணைகின்றனர். ஆகாஷ் பிரிந்து செல்கிறான். சிகா கணவனோடும் மகளோடும் தங்கிவிடுகிறாள்.

இம்முடிவை ஏற்போர், அவள் கடமையைத் தானே தேர்ந்தாள் என்பர். தேர்வு அவளுடையதாயின் அதனைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும், அத்தேர்வு எப்பொருளில் அவளுடையது என்பதைப் படம் காட்டியிருக்க வேண்டும். மருதத்திணைத் தலைவியை இங்கு ஒப்பிடலாம். பரத்தையிற் பிரிந்து மீளும் தலைவனுக்கு அவள் உடனே கதவைத் திறப்பதில்லை. பாணனும் பிறரும் வாயில்களாக வந்து இரந்தாலும் அவள் வாயில் மறுக்கிறாள், ஊடுகிறாள், அவன் செயலை அவன் முகத்துக்கு நேரே எடுத்துரைக்கிறாள். அவள் உரிமைகள் மிகக் குறுகியவை என்பதை நாம் மறுக்கவில்லை. இறுதியில் அவளும் ஏற்றுக்கொள்ளவே செய்வாள். எனினும் கதவு அவள் கையில் இருந்தது. அக்கதவின் முன்னால் தலைவன் நிற்க நேர்ந்தது. சிகாவுக்கு அந்தக் கதவும் இல்லை. படம் முழுவதும் சாவிகளைப் பற்றிப் பேசிய இயக்குநர், அவளுடைய வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்காமலே படத்தை முடித்துவிட்டார். ஈராயிரம் ஆண்டுப் பழமையான மரபு தன் தலைவிக்குத் தந்த சிறு அளவு இடத்தைக்கூட இந்த நவீன நகரப் படம் தன் தலைவிக்குத் தரவில்லை என்பது நம்மை வருத்துகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், காதலுக்குத் தடையாக இப்படம் காட்டுவது சாதியோ பெற்றோரோ அன்று, இடமின்மையே எனலாம். இடத்தை உடையவன் காதலையும் ஆள்கிறான். எந்த உறவில் பெண் தானே இடத்தைச் சுட்டுகிறாளோ அங்கே நேசம் தழைக்கிறது. எங்கே இடம் அவளுக்கு ஒதுக்கப்படுகிறதோ அங்கே அவள் சிதைகிறாள். மொட்டைமாடி, கடன்பெற்ற அறை, முதியோர் இல்லம் என்னும் மூன்றையும் அடுத்தடுத்து வைத்து இவ்வுண்மையை உணர்த்தியது இப்படத்தின் பெருமை. சிகாவின் இல்லத்தில் அதனை மறந்தது இதன் குறை.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 2025ஆம் ஆண்டு சூலை மாதத்தில், அதே இயக்குநரின் ‘மெட்ரோ இன் தினோ’ பல நகரங்களையும் புதிய மாந்தரையும் கொண்டு வெளிவந்தது. பிரீத்தமின் பாடகர் குழுவும் மீண்டும் தெருவுக்கு வந்தது. கைப்பேசிகள் மாறியுள்ளன, சட்டங்களும் மாறியுள்ளன. பெருநகரங்களில் வாழும் நம்மவரும், இளையோராயினும் முதியோராயினும், தமக்கென ஓரிடம் தேடியபடியே இருக்கின்றனர். களத்தைச் சுட்டும் உரிமை யாருடையது என்று அன்று களவியல் கேட்ட வினா இன்னும் விடைபெற்றுச் செல்லவில்லை. அகப்பாடல்களையும் இத்தகைய திரைப்படங்களையும் அருகருகே வைத்துக் கற்பது மாணவர்க்குப் பயன்தரும் என்று நாம் கருதுவதற்கு இதுவே காரணமாகும்.